மல்லாந்து படுத்தால் மகிழ்ச்சியா?

வாசகர் கேள்விகள்: கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாயின் தூக்கத்தைப் பற்றியவை. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இதழ் வெளிவரும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. படித்த உடனே அந்த வாசகரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

"எங்கள் நாய் நேற்று மாலையிலிருந்து நெஞ்சையும் முன்னங்கால்களையும் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு இருக்கிறது. அப்படியே கண்ணை மூடித் தூங்கப் பார்க்கிறது. பார்க்க அழகாக இருந்ததால் படம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். இதற்கு என்ன அர்த்தம் டாக்டர்?"

விளையாடக் கூப்பிடும் நாயும் இப்படித்தான் குனியும். ஆனால் அது ஓரிரு நொடிதான். வால் ஆடும், கண் பளிச்சென்று இருக்கும், அடுத்த கணம் துள்ளி ஓடும். ஒரு மாலை முழுக்க அதே நிலையில் இருக்கும் நாய் விளையாடவில்லை. அதற்கு வயிறு வலிக்கிறது. வயிறு தரையில் அழுந்தாமல் இருந்தால் வலி கொஞ்சம் குறைகிறது என்று அது தானே கண்டுபிடித்த வழி அது. கணையத்தில் அழற்சி, குடலில் அடைப்பு என்று காரணம் பலவாக இருக்கலாம். கூடவே வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இந்த நாய்க்குக் கணைய அழற்சி. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறது. அந்தப் படத்தை எனக்கு அனுப்பியது நல்ல காரியம். உங்கள் நாய் வழக்கமில்லாத ஒரு நிலையில் படுத்தால் நீங்களும் படமோ வீடியோவோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் மேசைக்கு வந்ததும் எல்லா நாயும் எழுந்து நின்றுவிடும். வீட்டில் எப்படிப் படுத்தது என்பதை எங்களால் பார்க்கவே முடியாது.

"எங்களிடம் இரண்டு நாய்கள். ஜிம்மி நான்கு காலையும் மேலே தூக்கி மல்லாந்து தூங்குவான். மணி எப்போதும் மூக்கை வாலுக்குள் விட்டுச் சுருண்டு படுப்பான். மல்லாந்து தூங்குவதுதான் மகிழ்ச்சியான நாய், சுருண்டு படுப்பது பயந்த நாய் என்று படித்தேன். மணியை நாங்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் மனம் வருந்தத் தேவையில்லை.

மல்லாந்து படுக்கும் நாய் தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறது. அந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து ஓடவும் முடியாது. அதனால் அந்த இடத்தை அது நம்புகிறது என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் அதில் பாதி வெறும் உஷ்ணக் கணக்கு. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது; வியர்வை பாதத்தின் அடியில் மட்டும்தான். மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். வயிற்றில் முடி குறைவு. வயிற்றைக் காற்றுக்குக் காட்டினால் சூடு எளிதாக வெளியேறும். சுருண்டு படுப்பது இதற்கு நேர் எதிர். மூக்கு, பாதம், வயிறு என்று சூடு போகும் இடங்களையெல்லாம் உள்ளே ஒடுக்கிக்கொள்வது. பனியில் தூங்கும் ஓநாயும் இப்படித்தான் தூங்குகிறது. யாருக்கும் பயந்து அல்ல, குளிருக்காக.

உடல்வாகும் உண்டு. அகன்ற முதுகுள்ள நாய்க்கு மல்லாந்து கிடப்பது சுலபம். ஒடுங்கி ஆழ்ந்த நெஞ்சுள்ள வேட்டை நாயை மல்லாத்திப் போட்டாலும் ஒரு பக்கம் உருண்டுவிடும். ஜிம்மிக்கும் மணிக்கும் உடம்பு ஒரே மாதிரியா என்று ஒருமுறை பாருங்கள். மணி பகல் உச்சியிலும் அதே போலச் சுருண்டுதான் கிடக்கிறானா, இல்லை விடியற்காலையில் மட்டுமா என்றும் பாருங்கள்.

எந்த நிலை நல்லது, எது கெட்டது என்று நான் பட்டியல் போட மாட்டேன். இரண்டே இரண்டைத்தான் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, உங்கள் நாய் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டதா? இரண்டு, தூங்கும்போது அதன் தலை எங்கே இருக்கிறது? முதலாவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதற்குச் சொல்ல வேண்டும். தூக்கத்தின் ஒரு கட்டத்தில், அதாவது கனவு வரும் கட்டத்தில், மூளையே உடலின் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. கழுத்தும் தளர்ந்துவிடும். ஆகவே தலையை நிமிர்த்தி வைத்தபடி ஒரு நாய் கண்ணயரலாமே தவிர, கனவுத் தூக்கத்துக்குள் போக முடியாது. தலை தரையிலோ, தன் காலிலோ, தன் தொடையிலோ சாய்ந்தே ஆக வேண்டும். மல்லாந்தோ, ஒருக்களித்தோ, மணி மாதிரிச் சுருண்டோ, எப்படிப் படுத்தாலும் தலைக்கு ஒரு தாங்கல் கிடைத்துவிட்டால் அதன் தூக்கம் முழுத் தூக்கம். மூக்கை வாலுக்குள் விட்டுத் தூங்கும் மணி முழுத் தூக்கம்தான் தூங்குகிறான்.

ஒன்றே ஒன்று. இதுவரை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று முதுகைக் கூனி, வயிற்றை இறுக்கி ஒடுங்கிப் படுக்க ஆரம்பித்தால் அது வேறு விஷயம். அங்கே வலி இருக்கலாம்.

"நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பப்பு தூக்கத்தில் ஓடுகிற மாதிரி காலை ஆட்டுகிறது. சின்னதாகக் குரைக்கிறது. அதற்குக் கெட்ட கனவா? எழுப்பிவிடலாமா?"

எழுப்ப வேண்டாம் கண்ணு. தூங்கும் மனிதர்களின் கண்கள் இமைக்குள்ளேயே வேகமாக உருளும் ஒரு கட்டம் இருக்கிறது என்பதை 1953-ல் சிகாகோவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நாம் கனவு காண்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். நாய்களுக்கும் அதே கட்டம் வருகிறது. பப்பு தூங்கிச் சற்று நேரம் கழித்து அதன் இமையை உற்றுப் பார், உள்ளே கண் உருளுவது தெரியும். அந்த நேரத்தில் தசைகளைத் தளர்த்தி வைக்கச் சொல்லி மூளை கட்டளை இடுகிறது. அந்தக் கட்டளை கொஞ்சம் கசிந்தால் கால் துடிக்கும், உதடு அசையும், குரைப்பு பாதியில் அமுங்கி வரும். குட்டிகளிடம் இது இன்னும் அதிகம். அது நல்ல கனவா கெட்ட கனவா என்று பப்புதான் சொல்ல வேண்டும்!

தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். அது பப்புவின் குணம் அல்ல. கண் திறந்த அந்த ஒரு நொடியில் நீ யார் என்று அதற்குத் தெரியாது. எழுப்பியே ஆக வேண்டும் என்றால் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

வீட்டில் பெரியவர்கள் இதைப் படிக்கட்டும்: கனவுத் துடிப்பு விட்டு விட்டு வரும், சீக்கிரம் நிற்கும், கூப்பிட்டால் நாய் விழித்துச் சுற்றும் பார்க்கும். கால்கள் விறைத்து நீண்டு, தாடை இறுகி, எவ்வளவு கூப்பிட்டாலும் எழாமல், படுத்த இடத்திலேயே சிறுநீர் போய், எழுந்த பின் தள்ளாடிக் குழம்பி நின்றால் அது வலிப்பு. அப்போது வாய் அருகே கை கொண்டுபோகாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று நின்று அடுத்தது தொடர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

"ஒன்பது வயது நாய். ஒரு மாதமாகத் தன் மெத்தையை விட்டு வெறும் தரையில் படுக்கிறது. படுப்பதற்கு முன் நின்று யோசிக்கிறது. இரவில் நாலைந்து முறை எழுந்து இடம் மாறுகிறது. பகலில் நன்றாகத்தான் சாப்பிடுகிறது, நடக்கிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள் வீட்டில்."

இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

செல்லி என்று ஒரு நாய் எங்களோடு பதினான்கு வருடம் இருந்தாள். தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அலமாரியில் முதுகை ஒட்டி, வலப்பக்கமாக ஒருக்களித்துத்தான் தூங்குவாள். அவளது பதினோராவது வயதில் ஒருநாள் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, சிங்கம் உட்கார்ந்தது போலப் படுத்தபடி கண்ணயர்ந்துகொண்டிருந்தாள். தலை சாயும், உடனே நிமிரும். மறுநாளும் அப்படியே. காவல் காக்கிறாள், வயதானால் தூக்கம் குறையும்தானே என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க மற்றவர்களின் நாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் நான், மூன்று வாரம் இப்படியே நினைத்துக்கொண்டேன்.

என் அம்மாதான் கேட்டார்: "இவ ஏன் இப்பல்லாம் வலப்பக்கம் படுக்கறதே இல்ல?"

அன்று இரவே அவளைக் கீழே உட்கார்ந்து சோதித்தேன். வலது முன்னங்காலின் முழங்கையை மடக்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. நாக்கால் உதட்டை ஒருமுறை நக்கினாள், அவ்வளவுதான். எக்ஸ்-ரேயில் மூட்டைச் சுற்றி எலும்பு முள் முள்ளாக வளர்ந்திருந்தது. ஒரே நாளில் வந்ததல்ல அது. வலப்பக்கம் சாய்ந்தால் உடல் எடை முழுக்க அந்த முழங்கையில் இறங்கும். இடப்பக்கம் படுத்தாலும் எழும்போது அந்தக் காலை ஊன்ற வேண்டும். அதனால் ஒருக்களித்துப் படுப்பதையே விட்டுவிட்டாள். மூன்று வாரம் என் கண் எதிரே கனவுத் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறாள்.

நாய்க்கென்று உள்ள வலி மருந்து கொடுத்தோம். எடையைக் குறைத்தோம். உட்கார்ந்தால் தரை தட்டாத அளவுக்குத் தடிமனான மெத்தை போட்டோம். பதினோராம் நாள் காலையில் அறைக்குள் போனேன். அலமாரியை ஒட்டி, வலப்பக்கமாக, நான்கு காலையும் நீட்டிக் கிடந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உங்கள் நாயிடம் நீங்கள் எழுதிய மூன்றும் மூட்டு வலியின் அடையாளங்கள். படுப்பதற்கு முன் யோசிப்பது, அடிக்கடி பக்கம் மாறுவது, மெத்தையை விட்டு இறங்குவது. மெத்தை ஆழமாக அமுங்கினால் அதிலிருந்து எழுவது வலிக்கும். தரையில் கால் ஊன்ற எளிது. நன்றாகச் சாப்பிடுகிறதே என்பதை வைத்து ஏமாறாதீர்கள். நாள்பட்ட வலியோடு நாய்கள் சாப்பிடும், வால் ஆட்டும், உங்களோடு நடக்கவும் வரும். முழங்கையில் முடி உதிர்ந்து காய்ப்புக் காய்த்திருக்கிறதா, தூங்கி எழுந்ததும் முதல் பத்து அடி விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் புண், பல்லில் சீழ் இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். இப்யூபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான்.

"படுப்பதற்கு முன் என் நாய் நாலு சுற்று சுற்றுகிறது. ஏன்?"

புல்லையும் இலையையும் மிதித்து இடம் பண்ணிக்கொண்ட முன்னோர்களின் பழக்கம் என்பார்கள். இரண்டு மூன்று சுற்று இயல்பு. இருபது சுற்று சுற்றியும் படுக்க முடியாமல் நின்றால் முந்தைய பதிலைப் படியுங்கள்.

"எங்கள் பக் நாய் உட்கார்ந்தபடியே தூங்கும். இல்லையென்றால் தாடையை நாற்காலிக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு தூங்கும். சில நாள் பொம்மையை வாயில் கவ்வியபடியே தூங்கிவிடும். குறட்டை வீடு முழுக்கக் கேட்கும். வருபவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்."

இனி யாரும் சிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நாய் தூங்குவதற்காகப் போராடுகிறது.

மூக்கு சப்பையாக இருக்கும் இனங்களுக்கு மண்டை சுருங்கியதே தவிர, உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மெல்லண்ணம் நீண்டு தொண்டைக்குள் தொங்கும். மூக்குத் துவாரம் கீறல் போல இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடித்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் அவை தளர, பாதை அடைபட்டு, மூச்சு முட்டி விழித்துக்கொள்கிறது. மறுபடி தூங்கும், மறுபடி முட்டும். தாடையை உயரத்தில் வைத்தால் தொண்டை நேராகிறது. வாயில் பொம்மை இருந்தால் வாய் மூடிக்கொள்ளாது, அந்த வழியாகக் காற்று போகும். உட்கார்ந்து தூங்கினால் பாதை அமுங்காது. மூன்றையும் அது தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. மனிதர்களுக்கு வரும் தூக்க மூச்சுத் தடையைப் புரிந்துகொள்ள 1980-களில் ஆங்கில புல்டாக் நாய்களைத்தான் ஆராய்ந்தார்கள். அந்த அளவுக்கு இந்த இனங்களுக்கு இது கூடவே பிறந்த துன்பம்.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எடை கூடியிருந்தால் குறையுங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றும் வார்ப்பட்டை போடுங்கள். தலை வைக்கும் பக்கம் மேடாக இருக்கும் படுக்கை கொடுங்கள். வெப்பத்தில் ஓடவிடாதீர்கள். அப்புறம், மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறுக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அது பலன் தருமா என்று அனுபவமுள்ள ஒருவரிடம் தொண்டையைக் காட்டிக் கேளுங்கள். சீக்கிரம் செய்வது நல்லது. வருடக்கணக்கில் இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் குரல்வளையும் தளர்ந்துபோகும்.

"பத்து வயதுச் சின்ன நாய். இதய வால்வு கசிகிறது என்று சொல்லி, தூங்கும்போது மூச்சை எண்ணச் சொன்னார் டாக்டர். எப்படி எண்ணுவது, எதற்காக என்று கேட்க மறந்துவிட்டேன்."

வீட்டில் இருந்தபடி நீங்கள் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. நாய் அசந்து தூங்கும்போது, மூச்சிரைக்காத நேரமாகப் பார்த்து, விலாவைக் கவனியுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கால் துடிக்கும் கனவு நேரத்தில் எண்ணாதீர்கள், அப்போது மூச்சு தாறுமாறாக இருக்கும்.

நிமிடத்துக்கு 30-க்குக் கீழ் இருந்தால் சரி. 30-ஐத் தாண்டினால் சற்று நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டு மூன்று முறையும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது இருமலுக்கு முன்பே இந்த எண்ணிக்கை ஏறிவிடும். தினமும் ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வழக்கமாக 18 இருக்கும் நாய்க்கு 27 என்பதும் ஒரு செய்திதான்.

ஒருக்களித்துப் படுக்க மறுத்து, முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

"காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. நான்கு வயது இருக்கலாம். மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, தலையை நிமிர்த்தியே படுக்கிறது. படுத்த உடனே கண் சொருகுகிறது. ஆனால் ஒரு சின்னச் சத்தத்துக்கும் எழுந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் தூங்குகிறதே, பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

சீக்கிரம் தூங்குவதை வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் வீட்டு நாய்களின் தலையில் வலியில்லாத மின்முனைகளை ஒட்டி, தூக்கத்தின்போது மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 16 நாய்கள். ஒருநாள் தடவிக்கொடுத்து, பந்து விளையாடிவிட்டுத் தூங்கவிட்டார்கள். இன்னொரு நாள் சற்று நேரம் தனியே விட்டு, மிரட்டுவது போல அருகே வந்து, முகம் கொடுக்காமல் இருந்துவிட்டுத் தூங்கவிட்டார்கள். மனம் கலங்கிய நாளில்தான் அவை சீக்கிரம் தூங்கின. அந்தத் தூக்கத்துக்குள் ஆழ்ந்த பகுதிக்கும் கனவுப் பகுதிக்கும் இருந்த விகிதமும் மாறிப்போயிருந்தது. கலங்கிய மனதுக்கும் தூக்கம் சட்டென்று வரும்.

வளர்ந்த நாய் ஒருநாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். அதுவும் துண்டு துண்டாகத்தான். இரவில் சுமார் 16 நிமிடம் தூங்கி 5 நிமிடம் விழிப்பது சாதாரணம். ஆகவே எழுந்து எழுந்து பார்ப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தலை சாயாததுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு வாரமாக அது காவலில் இருக்கிறது.

அது தேர்ந்தெடுத்த மூலையை மாற்றாதீர்கள். படுக்கையை அங்கேயே போடுங்கள். முதுகுக்குச் சுவரும் கண்ணுக்குக் கதவும் அதற்கு வேண்டும். அந்த வழியாக யாரும் அதைத் தாண்டிப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைப்பது, கதவை மூடுவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தூங்கும்போது தடவிக்கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும், வேண்டாம். வீட்டுக்குள் வந்த நாளில் கழுத்து, நெஞ்சு, மூட்டு எல்லாம் பரிசோதிக்கவில்லை என்றால் அதை இப்போதே செய்துவிடுங்கள். செல்லி என்னை ஏமாற்றியது போல இது உங்களை ஏமாற்றக் கூடாது.

உடம்பில் குறை இல்லை என்றால் மாற்றம் படிப்படியாக வரும். நான் பார்த்த நாய்களில் முதலில் இடுப்பு ஒரு பக்கம் சாயும். பின்னங்கால் இரண்டும் ஒரே பக்கம் வெளியே நீளும். இன்னும் சில நாளில் தாடை முன்னங்காலின் மேல் இறங்கும். அப்புறம் ஒரு பகலில், எல்லாரும் அவரவர் வேலையில் இருக்கும்போது, கன்னம் தரையைத் தொடும். அன்று யாரும் பேச வேண்டாம், கைபேசியை எடுக்கவும் வேண்டாம். அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அது தூங்கட்டும்.